ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத அம்மா

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு. எனக்கு வயது 46. கீழே ஹால், இரண்டு படுக்கையறை. மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை. கத்திரி தொடங்கியதிலிருந்து யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி பத்து, பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் வர ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் ஆகிறது. 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் பேட்டரியும் இருக்கின்றன. கீழே உள்ள ஃபேன்கள், டிவி, வைஃபை அதில் ஓடுகின்றன. ஹாலுக்கு ஒன்றரை டன் ஏசி போட்டு, கரண்ட் இல்லாதபோதும் அது ஓடும்படி செய்ய ஆசை. அந்தப் பணத்தில் மாடி அறைக்குத் தளம் போடலாம் என்கிறாள் மனைவி. தினமும் இதே சண்டை. இதற்கு நடுவில் அம்மா வேறு. வயது 71, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மகள் நீட் தேர்வுக்குப் படித்ததால் ஜனவரியில் அவரை மாடி அறைக்கு மாற்றினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். எத்தனை சொன்னாலும் பிடிவாதம். பாத்ரூம் கீழே பின்பக்கம் இருப்பதால் ஏசி தண்ணீரை அங்கே விட்டுவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். எது சரி?

பதில்:

ஏசி பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன், தம்பி. உங்கள் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர். பெருக்கினால் 1800, அதாவது 1800 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கிற அளவு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் சுமார் 1500 வாட் இழுக்கும். பேட்டரியில் இருப்பதெல்லாம் கைக்கு வராது, வழியிலேயே கொஞ்சம் போய்விடும். ஆக, ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கு முன்னால், 900 விஏ இன்வெர்ட்டர் அந்தப் பாரத்தைத் தூக்கவே தூக்காது. பெரிய இன்வெர்ட்டர் என்றால் வரிசையாக நாலைந்து பேட்டரி, அவற்றை வைக்க இடம், சில வருஷத்தில் மாற்றப் பணம். வேண்டாம். அதே 150 ஆம்பியர் பேட்டரி, 75 வாட் ஃபேன் ஒன்றை ராத்திரி முழுக்க ஓட்டும். பிஎல்டிசி ஃபேன் என்றால் 30 வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கும், அதில் இரண்டு மூன்றை ஓட்டலாம். டிவியை நிறுத்துங்கள். சண்டையும் பாதி நிற்கும்.

இனி நான் கேட்கிறேன்.

உங்கள் அம்மா ஏன் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை?

பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, பாத்ரூம் கீழே பின்பக்கம் இருக்கிறது என்று ஏசி தண்ணீருக்காக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை. ஏசியில் சொட்டும் தண்ணீர் எங்கே போகும் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எங்கே போவார் என்று கேட்டீர்களா?

இது பிடிவாதமா? நான் கணக்கு என்பேன். ஏழு மணிக்கு ஒரு சொம்பு குடித்தால் பத்து மணிக்கு இறங்க வேண்டும். பத்து மணிக்குத்தான் உங்கள் தெருவில் கரண்ட் போகிறது. இன்வெர்ட்டர் ஒயர் மாடிக்குப் போகவில்லை, படிக்கட்டுக்கும் போனதாகத் தெரியவில்லை. 71 வயதில், இருட்டில், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கி, பின்பக்கம் நடந்து, திரும்ப ஏற வேண்டும். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் மகனுக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் லீவு என்பதுவரை அவர் யோசித்திருப்பார். அதற்குத் தாகம் பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

என் மாமியார் ஆரணிப் பக்கம். கல்யாணம், காரியம் என்று பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஏதோ விரதம் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஒருமுறை திருவண்ணாமலை போகும்போது மோரை நீட்டினேன். வாங்கவில்லை. "நடு வழியில அவசரம்னா எங்கடி போறது?" என்றார் மெதுவாக. படித்தவள் என்று பெயர் எடுத்த எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் விடியும் முன் ஒதுங்கப் போனால் அடுத்தது இருட்டிய பிறகுதான். தாகத்தை அடக்கப் பழகிய உடம்பு அவர்களுடையது. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மகனிடம் சொல்கிற விஷயமா இது? மருமகளிடமும் சொல்ல மாட்டார். "எனக்கு ராத்திரியில தாகம் எடுக்காதுப்பா" என்பார். நீங்களும் நம்பிவிட்டு ஏசி விலை பார்க்கப் போய்விட்டீர்கள்.

அவர் சொல்வதில் ஒரு பாதி நிஜம் என்பதுதான் ஆபத்து. வயதானால் தாகம் மந்தமாகிவிடும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், நாக்குக்கு அது தெரியாது. வியர்வையும் குறையும். பிரஷர் மாத்திரைகளில் சில, உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிறவை. உங்கள் அம்மாவுடையது அந்த வகையா என்று டாக்டரைக் கேளுங்கள். எந்த நேரத்தில் போடுவது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். இதயம், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் அளவு வேறுபடும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் அந்த ஷீட் அறை. மேலே ஷீட் பகல் முழுக்கக் காயும், சுவர் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு நடு இரவுவரை கக்கும். நம் ஊரை மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று சொல்லிக்காட்டுவார்கள். சாமியில்லாக் கோயில் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். மலைக்குத்தான் இன்னும் மரம் வந்தபாடில்லை. அந்தப் பாறை மலைக்கு அடியில் இருக்கிற சத்துவாச்சாரியில் சூரியன் மறைந்தும் அனல் குறையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தேதான் வீட்டிலேயே சூடான அறையை வீட்டிலேயே வயதானவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். காற்றே 40 டிகிரிக்கு மேல் இருந்தால் ஃபேன் அந்த அனலைத்தான் உடம்பின்மேல் அடிக்கும். அதனால் மாடிக்கு இன்னொரு ஃபேன் வாங்கிப் போட்டுவிட்டேன் என்று எனக்கு எழுத வேண்டாம்.

மகளுக்காக மாற்றினோம் என்கிறீர்கள். சரி, ஜனவரியில் அது நியாயம். நீட் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டதே? தேர்வு முடிந்தும் அறை ஏன் திரும்பி வரவில்லை? யாரும் கேட்கவில்லை, அதனால் வரவில்லை. உங்கள் மகள் பாட்டியை வெயிலில் படுக்கச் சொல்லுகிற பிள்ளையாக இருக்க மாட்டாள். கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள், அவளே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வருவாள். வராவிட்டாலும் வரச் செய்வது அப்பாவின் வேலை. ஒரு வீட்டில் குளிர்ச்சியான இடம் கைக்குழந்தைக்கும் கிழவிக்கும்தான். மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. இதில் நான் ஒரு அங்குலம்கூட இறங்கி வர மாட்டேன், என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று நீங்கள் திட்டினாலும் சரி.

இதில் மனைவியை இழுக்காதீர்கள். மாடி அறைக்குத் தளம் போடலாம் என்று சொன்னவர் அவர்தான். அந்த ஷீட்டைப் பற்றி உங்கள் வீட்டில் யோசித்த ஒரே ஆள் அவர் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் அதைச் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்றைக்கே அம்மாவின் கட்டிலைக் கீழே இறக்குங்கள். "வர்றீங்களாம்மா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார். கட்டில் கீழே வந்தால் அவரும் வருவார். நாளைக்கு எலெக்ட்ரீஷியன் ஏசிக்கு அளவெடுக்க வரும்போது, அம்மாவின் அறையிலிருந்து பாத்ரூம் வரை வழியில் ஒன்று, பாத்ரூமுக்குள் ஒன்று, இரண்டு பல்புக்கு இன்வெர்ட்டர் லைன் இழுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. 9 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து இழுப்பதைப் பேட்டரி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடியும் அடித்துவிடுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஞாபகம் இருக்காது.

மாடியில் யாரும் இல்லாவிட்டாலும் ஷீட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம், தென்னங்கீற்று பரப்பலாம். ஷீட்டில் கால் வைத்து ஏறாதீர்கள், உடைந்துவிடும். கீழ்த்தளத்தின் மொட்டை மாடிக்கும் அதே சுண்ணாம்பு. கரண்ட் போனால் மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் திண்ணையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பல தெருவில் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அம்மா தலை சுற்றுகிறது என்றாலோ, சிறுநீர் மிகக் குறைந்தாலோ, நிறம் அடர்ந்தாலோ அன்றே டாக்டர். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது தூக்கக் கலக்கம் இல்லை. உடனே 108. வண்டி வரும்வரை ஈரத் துணியால் உடம்பு முழுக்க ஒற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கட்டில் கீழே வந்த முதல் ராத்திரி அவர் உடனே குடித்துவிட மாட்டார். எத்தனையோ வருஷப் பழக்கம். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள், நிறைய. குடிங்க குடிங்க என்று நச்சரிக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். ஏசி வாங்கினீர்களா என்பது எனக்குத் தேவையில்லை. காலையில் எடுக்கும்போது சொம்பில் எவ்வளவு மீதி இருந்தது, அதை எழுதுங்கள்.