மருத்துவர் பதில்கள்: அவரிடமே கேளுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. சென்ற ஆண்டு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறத் தொடங்கினார். நான்கு மாதங்களுக்கு முன் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் என்று உறுதி செய்தார்கள். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. உணவு செலுத்த வயிற்றில் குழாய் பொருத்துவது பற்றி மருத்துவர் பேச்செடுத்தபோது, "அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அண்ணன் மனம் உடைந்துவிடும்" என்று என் கொழுந்தனார் தடுத்துவிட்டார். போன வாரம் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோது, என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். வீடே அதிர்ந்துபோயிற்று. அவர் மனமும் மாறிவிட்டதா? நான் முதலில் எதைச் செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் வீட்டை இப்போது அதிகம் காயப்படுத்தியிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைக்கும் நரம்புப் பாதைகள் இந்நோயில் பழுதடையும்போது, சிறிய தூண்டுதலுக்கும் அவை பீறிட்டுக் கிளம்பும். உள்ளே இருக்கும் உணர்ச்சிக்கு நேர்மாறாகவும் வெளிப்படும். தாயின் கண்ணீரைப் பார்த்து உங்கள் கணவர் மனத்துக்குள் உடைந்துபோயிருக்கக்கூடும். முகம் மட்டும் சிரித்திருக்கிறது. இதை மாமியாரிடம் தனியாக அழைத்துச் சொல்லாமல், உங்கள் கணவரின் முன்னிலையிலேயே விளக்குங்கள். அவருக்கும் அது பெரிய ஆறுதலாக இருக்கும். இதைக் குறைக்க மருந்துகளும் உண்டு. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ சிறு மாற்றங்கள் வரலாம் என்பது உண்மை. ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் அதற்கான சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். இந்த ஒரு சிரிப்பை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் நோய். பெரும்பாலோர் அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள் வரை வாழ்கிறார்கள். 1963-இல் நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்த ஸ்டீஃபன் ஹாக்கிங்கை உறவினர்கள் உதாரணம் காட்டுவார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர் மிக அரிதான விதிவிலக்கு. 1995 முதல் புழக்கத்தில் இருக்கும் ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்களே நீட்டிக்கிறது. வேகமாக நகரும் நோயில் எந்த முடிவையும் தேவை வந்தபின் எடுக்க முடியாது என்பதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதை நான் ஏற்காததற்குக் காரணமும் அதுவே. வயிற்றுக்குழாய் பொருத்துவதற்கு உணவு விழுங்க முடிகிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை, மூச்சுத்திறனையும் பார்க்கிறார்கள். அது இயல்பான அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்குமுன் பொருத்துவது பாதுகாப்பானது. 'கடைசியில்' செய்தால் அந்தச் சிறு சிகிச்சையே ஆபத்தாகிவிடும். குழாய் வைத்தபிறகும் விழுங்க முடிகிற வரையில் வாயால் சாப்பிடலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் உங்கள் கணவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், தம்பி சொல்லக் கூடாது.

இதற்கிடையில், விழுங்கும் பயிற்சி தரும் நிபுணரைப் பாருங்கள். இந்நிலையில் தண்ணீர்தான் மிகக் கடினமான உணவு. சற்றுக் கெட்டியான திரவம் எளிதாக இறங்கும். குவளையைச் சரித்துக் குடிக்கையில் தலை பின்னால் சாய்வதால் புரையேறும் வாய்ப்பு கூடும். மூக்கு இடிக்காதபடி ஒரு பக்க விளிம்பை வளைத்து வெட்டிய குவளை இருந்தால், முகவாயைத் தாழ்த்தியபடியே குடிக்கலாம்.

காலையில் தலைவலியோடு எழுகிறாரா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா, மல்லாந்து படுத்தால் தவிக்கிறாரா என்று கவனியுங்கள். இவை இரவில் மூச்சுத் தசைகள் சோர்வதன் அடையாளங்கள். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி அப்போது உதவும். உறக்கத்தையும் ஆயுளையும் அது மேம்படுத்துகிறது. மருத்துவர் சொல்லாமல் வீட்டில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தசை பலவீனத்தால் கரியமிலவாயு வெளியேறாமல் தேங்குவதுதான் இங்கே சிக்கல், வெறும் ஆக்சிஜன் அதை இன்னும் மோசமாக்கக்கூடும்.

பேச்சு இருக்கும்போதே அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். உங்களைப் பெயர் சொல்லி அழைப்பது, வழக்கமாகத் திட்டுவது, எல்லாமே இருக்கட்டும். பேச்சு நின்றபின்பும் கண் அசைவு பெரும்பாலும் நீண்ட காலம் நிலைத்திருக்கும். தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டாம். பலகையில் 12 உயிரும் 18 மெய்யும் இருந்தால் போதும். நீங்கள் வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போகும்போது, 'க்' வந்ததும் ஒரு சிமிட்டல், 'ஆ' வந்ததும் ஒரு சிமிட்டல் என்றால் 'கா' கிடைத்துவிடும். பலகையின் ஓரத்தில் 'மூக்கு அரிக்கிறது', 'கை மடங்கிக் கிடக்கிறது', 'எல்லோரும் வெளியே போங்கள்' என்று சில முழு வாக்கியங்களையும் எழுதி வையுங்கள். தொடு உணர்வு இந்நோயில் பெரும்பாலும் குறைவதில்லை. அரிப்பு தெரியும், சொறிந்துகொள்ளத்தான் முடியாது. எந்த வாக்கியங்கள் வேண்டும் என்பதை இன்றைக்கே அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

அவரைத் தூக்கும்போது கைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். இரவுப் பணியில் வாரத்துக்கு இரண்டு நாளாவது கொழுந்தனார் உங்கள் இடத்தில் இருக்கட்டும். அண்ணன் மீது அவருக்குள்ள பாசம் அங்கே நன்றாகப் பயன்படும்.

கேள்வி: என் அம்மாவுக்குக் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்னும் மூளை நோய். மூன்று மாதத்தில் எங்கள் பெயர்களே அவருக்கு மறந்துவிட்டன. தொற்றிவிடும் என்று பயந்து உறவினர்கள் வர மறுக்கிறார்கள். அருகில் போகலாமா?
- ஒரு வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். தொடுவதாலும் கட்டியணைப்பதாலும் ஊட்டிவிடுவதாலும் அவர் துணியைத் துவைப்பதாலும் இது பரவுவதில்லை. உருக்குலைந்த பிரையான் என்னும் புரதத்தால் வரும் இந்நோய், சுமார் 85 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியாமல் தானாகவே தோன்றுகிறது. பிரையானை வழக்கமான கிருமிநீக்க முறைகள் முழுமையாக அழிப்பதில்லை என்பதால், எந்த அறுவை சிகிச்சைக்கும் பல் சிகிச்சைக்கும் முன்னதாக மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள்.

கதவு சாத்தும் ஓசைக்கும் இந்நோயாளிகளின் உடல் தூக்கிவாரிப்போடும். எதிரில் வந்து, மெதுவாகப் பேசி, பிறகு தொடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதால், வர நினைக்கும் உறவினர்களை இந்த வாரமே வரச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் அறைக்குள் வேண்டாம்.