சீனக் கௌரவப் பதவி, இலவசத் தொட்டி, தொண்டு நிறுவனப் படகு: விண்ணப்பத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள்தான் என் ஆய்வு. மாநில நிதியில் ஒரு சிறு திட்டம் ஓடுகிறது. ஒன்றிய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்.க்கு இன்னொன்று அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் என் மாணவிக்கு உதவித்தொகையும் எங்களுக்குப் படகு வாடகையும் தருகிறது. கடற்பாசி நிறுவனம் ஒன்று ஆய்வகத்துக்குத் தொட்டிகளை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஒரு சீனப் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத கௌரவ வருகைப் பேராசிரியர் பதவியும் உண்டு. இப்போது ஓர் அமெரிக்கப் பேராசிரியர், அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு (என்.எஸ்.எஃப்.) அனுப்பும் விண்ணப்பத்தில் என்னையும் முக்கிய ஆய்வாளராகச் சேர்க்கிறார். “இதையெல்லாம் எழுதினால் கிடைக்காது, நான் பக்குவமாக நிரப்பித் தருகிறேன்” என்கிறார் மதுரையில் விண்ணப்பம் எழுதித் தரும் ஒருவர். எதை விடலாம்?

பதில்: முதலில் அந்த மதுரைக்காரரை விடலாம்.

கோபத்தில் சொல்லவில்லை. என்.எஸ்.எஃப். கேட்கும் தன்விவரமும், ‘இப்போதுள்ள, எதிர்பார்க்கும் ஆதரவு’ என்ற பட்டியலும் சைஎன்சிவி என்ற தளத்தில் தயாராகின்றன. உங்கள் சார்பில் இன்னொருவர் அதில் தட்டச்சு செய்யலாம். ஆனால் ‘இவை உண்மை, முழுமை’ என்று உறுதியளிக்கும் பொத்தானை நீங்கள் மட்டுமே அழுத்த வேண்டும். அழுத்தியபின் பொய் இருந்தால் அமெரிக்கச் சட்டத்தின் 18ஆம் தொகுதி, 1001ஆம் பிரிவு பேசும். பிடிபடுவது நீங்கள், அவர் அதற்குள் அடுத்த பேராசிரியருக்கு எழுதிக்கொண்டிருப்பார். இந்த ஆட்களின் வழி எல்லாம் ஒன்றுதான். உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பார்கள், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பார்கள், பட்ஜெட்டில் ‘ஆலோசகர்’ என்று தங்கள் பெயரையே சொருகுவார்கள், பட்டியல் கனமாகத் தெரியட்டும் என்று காசு வாங்கி அச்சிடும் இதழ்களில் நாலு கட்டுரை சேர்க்கச் சொல்வார்கள். ஓர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) கணக்கின் கடவுச்சொல்லை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். அந்தப் படிவம் உங்கள் தகுதிக்கு மார்க் போடுவதில்லை. யார் யார் உங்களுக்கு என்ன தருகிறார்கள், அதற்கு உங்கள் நேரம் எவ்வளவு போகிறது என்று மொய் நோட்டு போலக் கணக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். இரண்டு திட்டம் கையில் வைத்திருக்கிறார் என்று யாரும் உங்களைத் தள்ளப்போவதில்லை. மறைத்தார் என்றால்தான் தள்ளுவார்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்தும் சீனப் பதவியை முதலில் எழுதுங்கள். சம்பளம் உண்டா இல்லையா, முழுநேரமா கௌரவமா என்ற பேதம் தன்விவரத்தில் கிடையாது. பதவி என்றால் பதவி. ஹார்வர்டு வேதியியலாளர் சார்லஸ் லீபருக்கு 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு நினைவிருக்கலாம். அவர் வூஹானுக்குப் போனதற்காகத் தண்டிக்கப்படவில்லை. அந்தத் தொடர்பைப் பற்றிக் கேட்ட அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்கும், அங்கு வாங்கிய பணத்தை வரிக்கணக்கில் காட்டாததற்கும்தான். அமெரிக்காவின் 2022 சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டத்துக்குப் பிறகு, சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகிய நாடுகளின் தீங்கான ஆள்சேர்ப்புத் திட்டம் எதிலும் இல்லை என்றும் உறுதி சொல்ல வேண்டும். சேர்ந்து கட்டுரை எழுதுவதும் கருத்தரங்கில் பேசுவதும் இதில் வராது. உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். இந்தத் தொடர்பை வெளியில் சொல்லக் கூடாது, நினைத்தபோது விலக முடியாது, ஆய்வு முடிவுகளை அங்கே ஒப்படைக்க வேண்டும், வேறு ஆட்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று எந்த வரியாவது கண்ணில் பட்டால், அமெரிக்கப் பேராசிரியரின் பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்துக்கு அதை அப்படியே அனுப்பிக் கேளுங்கள்.

மாநிலத் திட்டம், தொண்டு நிறுவன உதவி இரண்டும் ‘இப்போதுள்ளது’. மாணவியின் உதவித்தொகை உங்கள் கைக்கு வராவிட்டாலும் உங்கள் ஆய்வகத்துக்கு வரும் ஆதரவுதான், எழுதுங்கள். ஏ.என்.ஆர்.எஃப். ‘எதிர்பார்ப்பது’. பலர் மறப்பது ஒன்று உண்டு: இப்போது அனுப்பும் இதே என்.எஸ்.எஃப். விண்ணப்பத்தையும் ‘எதிர்பார்ப்பது’ வரிசையில் போட வேண்டும்.

இனித் தொட்டி. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்தத் தொட்டிகளை இந்த அமெரிக்கத் திட்டத்துக்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அவை ஆதரவுப் பட்டியலில் வரக் கூடாது. ‘வசதிகள், கருவிகள், பிற வளங்கள்’ என்ற தனிப் பகுதியில் வர வேண்டும். அங்கே விலை எழுதக் கூடாது. “கடல்நீர்த் தொட்டிகள், காற்றூட்டும் வசதியோடு” என்பது போதும். இத்தனை ரூபாய் மதிப்பு என்று பெருமைக்குச் சேர்த்தால் விதிமீறல். அதே தொட்டிகள் வேறு வேலைக்கு, உதாரணமாக அந்த நிறுவனத்துக்காகக் கடற்பாசி நாற்று வளர்த்துப் பார்க்க என்றால், கதை வேறு. மதிப்பு 5,000 டாலரோ அதற்கு மேலோ இருந்து, உங்கள் நேரத்தையும் கேட்கிறது என்றால் ஆதரவுப் பட்டியலில் போட வேண்டும். விலை சரியாகத் தெரியாவிட்டால் நியாயமான மதிப்பீடு போதும். நேரம் எதுவும் கேட்காமல் சும்மா கொடுத்துவிட்டுப் போனது என்றால் அந்தப் பட்டியலில் தேவையில்லை. பாதி இதற்கு, பாதி அதற்கு என்றால் இரண்டு இடத்திலும் அந்தந்தப் பாதியை எழுதுங்கள். நிறுவனம் தனியாக உங்களுக்கு ஆலோசனைக் கட்டணம் ஏதும் தருகிறதா? கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் வருடத்தில் எத்தனை மாத உழைப்பு என்று ஒரு கட்டம் வரும். அதில் வாய்க்கு வந்ததைப் போடாதீர்கள். மாநிலத் திட்டத்துக்கு 3, தொண்டு நிறுவனத்துக்கு 2, ஏ.என்.ஆர்.எஃப்.க்கு 4, இதற்கு 4 என்று நிரப்பினால் 13 மாதம் ஆகிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு, அதை எந்த மாதத்தில் எடுப்பீர்கள்? வாடைக்காற்று அடிக்கும்போது வடகடலில் (பாக் விரிகுடாவில்) படகு போகாது, நீங்களும் இறங்கிக் கடற்புல் எண்ண முடியாது. இருக்கும் களநாட்களைப் பார்த்துப் பிரியுங்கள்.

ஏ.என்.ஆர்.எஃப். திட்டமும் இதுவும் கடற்புல் பற்றியதே என்பதால், எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது என்று சொல்லவும் இடம் உண்டு. ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் கடந்துவிடாதீர்கள். தொண்டியில் ஒரே நாள் எடுத்த வல்லத்தின் வாடகை ரசீது இரண்டு திட்டக் கணக்கிலும் ஏறினால், இங்கே பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கும்போதே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் கிடைத்தால் எதிலிருந்து எந்தச் செலவை எடுத்துவிடுவேன் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். ஏ.என்.ஆர்.எஃப்.க்குக் கொடுத்த தன்விவரத்திலும் இந்த அமெரிக்க விண்ணப்பம் சேர வேண்டும். அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு கூடாது.

தொண்டு நிறுவனம் தரும் பணத்தின் மூலம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பு அதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. “எங்கள் பெயரைப் போடாதீர்கள்” என்று அவர்கள் சொன்னால், பணத்தைத் தொடும் முன் காரணம் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது, அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. ஒரே ஆளின் ஒரே விவரத்தை ஒவ்வொரு நிதி நிறுவனமும் ஒவ்வொரு வடிவத்தில் கேட்கிறது. ஒருவர் பிறந்த தேதி வேண்டும் என்கிறார், ஒருவர் போடவே கூடாது என்கிறார். கடைசியில் எல்லாம் முடிந்து, கல்லூரியின் ஒப்புதல் கடிதம் முதல்வர் மேசையில் மூன்று கோப்புகளுக்கு அடியில் கிடக்கும். அந்தக் கடிதத்தை இன்றே கேளுங்கள். என்.எஸ்.எஃப். சொல்லும் கடைசி நாள் மாலை 5 மணி என்பது விண்ணப்பம் அனுப்பும் அந்தப் பல்கலைக்கழகத்து ஊர் நேரம். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், கையெழுத்துப் போடக் கல்லூரியில் யாரும் இருக்க மாட்டார்கள்.