முதன்முறை நிகோடின் பவுச் வைப்பவர் எந்த அளவில் தொடங்க வேண்டும்?

கேள்வி: மேற்படிப்புக்காக சுவீடன் வந்திருக்கிறேன். ஊரில் ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடிப்பேன். காலையில் முதல் சிகரெட் வகுப்புக்குக் கிளம்பும்போதுதான். இங்கே கூடப் படிப்பவர்கள் பலர் மேலுதட்டுக்கு அடியில் நிகோடின் உள்ள சிறு வெள்ளைப் பையை, அதாவது பவுச்சை, வைத்துக்கொள்கிறார்கள். சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு மாறலாம் என்று பார்க்கிறேன். கடையில் 3 மில்லிகிராம், 6, 10, அதற்கு மேலும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்:

தம்பி, 3 மில்லிகிராம் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் 4. அதற்கு மேலே இருக்கும் எதையும் இப்போது தொட வேண்டாம். நானும் சென்னையில் பல வருஷம் தம் அடித்துவிட்டு கோதன்பர்க்கில் வேலைக்கு வந்தவன். 3 மில்லிகிராமில் தொடங்கினேன், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமான தகவலை உங்கள் கேள்வியிலேயே கொடுத்துவிட்டீர்கள்: முதல் சிகரெட் எப்போது என்பது. படுக்கையை விட்டு எழுந்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேடுகிறவர்களின் உடம்பு நிகோடினுக்கு நன்றாகவே பழகிவிட்டது என்று பொருள். சுவீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ராம் பெயரில் உள்ள பரிசோதனையில் அதிக எடை உள்ள இரண்டு கேள்விகளில் இது ஒன்று. நிகோடின் சூயிங்கம், லாசெஞ்ச் (வாயில் கரையும் மாத்திரை) தரும்போதும் இதே கணக்குதான்: அரை மணிக்குள் என்றால் 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2. நீங்கள் குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் வரை தாங்குகிறீர்கள். உங்களுக்குக் குறைந்த அளவே போதும். எழுந்ததும் தம் இல்லாமல் முடியாது, நாளைக்கு ஒரு பாக்கெட் என்று இருப்பவருக்கு 6 பொருந்தலாம். அவரும்கூட முதல் இரண்டு மூன்று நாள் 3-ஐ வைத்துப் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது.

"சிகரெட்டில் ஒரு மில்லிகிராம்தானே, அப்படியானால் 3 என்பது மூன்று சிகரெட் இல்லையா?" என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. ஒரு சிகரெட் பிடித்தால் உடம்புக்குள் போவது ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம். பவுச்சின்மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் மொத்த அளவு. அதில் பாதியை ஒட்டித்தான் வெளியே வரும், மீதி பவுச்சோடு குப்பைக்குப் போய்விடும். வெளியே வந்ததிலும் ஒரு பங்கு எச்சிலோடு வயிற்றுக்குப் போய், கல்லீரலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆகவே 3 மில்லிகிராம் பவுச் ஒன்று, சுமாராக ஒரு சிகரெட்டுக்கு ஈடு. 10 மில்லிகிராம் என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

டப்பாவை வாங்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சில டப்பாவில் ஒரு பவுச்சுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். சிலவற்றில் ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். கிராமுக்கு 16 என்று போட்டிருந்து பவுச்சின் எடை 0.7 கிராம் என்றால், ஒரு பவுச்சில் 11.2 மில்லிகிராம். அதே 16, பவுச் 0.4 கிராம் என்றால் 6.4 மட்டுமே. எடை பெரும்பாலும் டப்பாவின் அடியிலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் இருக்கும், செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். வலிமையைக் காட்ட மூடியில் போட்டிருக்கும் புள்ளிகளை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் இரண்டு புள்ளி இன்னொரு கம்பெனியின் மூன்று புள்ளியைவிடக் காரமாக இருக்கலாம், அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. பவுச் ஈரமா உலர்ந்ததா, உள்ளே காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) எவ்வளவு என்பதைப் பொறுத்தும் நிகோடின் இறங்கும் வேகம் மாறும். அதனால் 3-லிருந்து 6-க்குப் போவதென்றாலும் அதே பிராண்டில் போங்கள். சுவை உங்கள் இஷ்டம், ஆனால் புதினா சில்லென்று இருப்பதால் வலிமையும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது நேரம். இதைக் கவனமாகப் படியுங்கள். சிகரெட்டில் இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும், போதும் என்று உடம்பே சொல்லிவிடும். பவுச்சில் அப்படி இல்லை. ஈறு வழியாக மெதுவாக ஏறி, ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். முதல் பத்து நிமிடத்தில் ஈறு சுருசுருவென்று இருக்கும், தலைக்கு ஒன்றும் தெரியாது. "இது வேலை செய்யவில்லை" என்று இரண்டாவது பவுச்சை வைப்பதும், உடனே 10-ஐ வாங்கப் போவதும் அந்த நேரத்தில்தான். பொறுங்கள். சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்திருக்கும்போது ஒன்றை வையுங்கள். இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அடுத்ததற்கு ஒன்றிரண்டு மணி நேரமாவது போகட்டும். பாதிப் பவுச்சிலேயே போதும் என்று தோன்றினால் எடுத்துவிடலாம், காசு வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

மெல்லக் கூடாது. நாக்கால் புரட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. எச்சில் அதிகமாக ஊறி வயிற்றுக்குப் போனால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். காபியும் கோலாவும் வாயில் அமிலத்தைக் கூட்டுவதால் நிகோடின் சரியாக ஏறாது, அவற்றைக் குடித்துக் கால் மணி நேரம் கழித்து வையுங்கள். காபியோடு சிகரெட் என்று பழகிய நமக்கு இதுதான் கஷ்டம். ஒரே இடத்தில் வைத்தால் ஈறு புண்ணாகும், இடமும் வலமும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவு கூடிவிட்டால் உடம்பே காட்டிக்கொடுக்கும்: குமட்டல், குளிர்ந்த வியர்வை, தலை கிறுகிறுப்பு, நெஞ்சு படபடப்பு. உடனே எடுத்து, வாயைக் கொப்பளித்து, தண்ணீர் குடித்து உட்காருங்கள். நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே சோர்வு கொஞ்ச நேரம் நீடிக்கலாம். வாந்தி நிற்கவில்லை, மயக்கம் வருகிறது என்றால் 112. சந்தேகம் மட்டும் என்றால் சுவீடன் நச்சுத் தகவல் மையம், 010-456 67 00. குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பாவை மேசைமேல் வைக்கவே வைக்காதீர்கள். பயன்படுத்திய பவுச்சிலும் நிகோடின் மிச்சம் இருக்கும், மூடியில் அதற்கென்று இருக்கும் அறையில் போடுங்கள்.

உங்கள் அறை நண்பர்களில் சிகரெட்டே தொடாதவர் யாராவது "எனக்கும் ஒன்று கொடு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அவருக்குச் சரியான அளவு பூஜ்யம். என்னுடன் வேலை பார்த்த, புகைப் பழக்கமே இல்லாத ஒருவர் ஒரு விருந்தில் விளையாட்டாகக் காரமான பவுச் ஒன்றை வைத்து, மாலை முழுவதும் வாந்தி எடுத்தார். அதைவிட எனக்குப் பயம் தருவது, வாந்தி வராமல் பிடித்துப்போய்விடுவது. இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

ஊரில் கூல் லிப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதேதான் என்று சிலர் சொல்கிறார்கள். அது புகையிலைத் தூள், வாய்ப் புற்றுநோய்க்கான வழி. பள்ளிப் பிள்ளைகளிடம் அது பரவுவதைப் பார்த்து, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. வெள்ளைப் பவுச்சில் புகையிலை இலை இல்லை, தாவர நாரில் ஏற்றிய நிகோடின்தான். புகையும் தாரும் இல்லாததால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு. ஆனால் அடிமைப்படுத்துவது நிகோடின், அது இரண்டிலும் ஒன்றே. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஸின் என்ற பிராண்டின் 20 வகைப் பவுச்சுகளை விற்க அனுமதித்தபோதும், இவை பாதுகாப்பானவை என்று அதற்குப் பொருள் இல்லை என்று சேர்த்தே சொன்னது.

அதனால் தொடங்கும்போதே இறங்கும் வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டும் பவுச்சும் சேர்ந்து ஓடினால் நிகோடின் கூடுமே தவிரக் குறையாது, சிகரெட்டை முழுதாக நிறுத்துங்கள். பவுச் எண்ணிக்கை உங்கள் பழைய ஏழெட்டைத் தாண்டக் கூடாது. சில வாரத்தில் அது ஐந்தாகட்டும், பிறகு மூன்றாகட்டும். நான் முதலில் விட்டது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பவுச்சை, கடைசியில் விட்டது மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வைத்ததை. உங்களுக்கு எது சுலபமோ அதிலிருந்து பிடியுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் இங்கே புகைப்பதை நிறுத்த உதவும் இலவசத் தொலைபேசி இருக்கிறது, 020-84 00 00. இந்தியாவில் 1800-11-2356.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் நம்மூர் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறுவதை லுண்ட் நகர ஆய்வாளர்கள் கவனித்துச் சொன்னதையொட்டி, 1960-களின் கடைசியில் இதே சுவீடனில், ஹெல்சிங்போரி நகரில்தான் மருந்து நிறுவன விஞ்ஞானி ஓவே ஃபெர்னோ அந்தச் சூயிங்கத்தை உருவாக்கத் தொடங்கினார். சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லாதீர்கள். காரம் தெரியும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள்.