கேள்வி உங்கள் மனதில்: மனச்சாய்வும் நியாயமும்

எங்கள் குடியிருப்பில் செப்டிக் டேங்க் அடைத்தால், வழக்கமாக வரும் ஒருவர் உள்ளே இறங்கி வாரிவிடுவார். லாரிச் செலவில் பாதிதான் ஆகும். பல வருடமாக ஒன்றும் ஆனதில்லை. அவரும் சம்மதித்துத்தான் இறங்குகிறார். புதிதாகச் செயலாளர் ஆன நான் இதைத் தடுக்க வேண்டுமா?
– வாசகர், மணலி புதுநகர்

தடுத்தே ஆக வேண்டும். ‘ஒன்றும் ஆனதில்லை’ என்பதில்தான் சிக்கல். விளைவு நல்லபடியாக இருந்தால், முடிவும் சரி என்றே மனம் கணக்குப் போடும். இப்படி நம்மை அறியாமல் மனம் ஒரு பக்கம் சாய்வதுதான் மனச்சாய்வு. ஆய்வாளர்கள் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988இல் இதைச் சோதித்தார்கள். அறுவை சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் எடுத்த முடிவு ஒன்றேதான். ஆனால் ஆய்வில் கலந்துகொண்டவர்கள், நோயாளி பிழைத்தார் என்றால் அதை நல்ல முடிவாகவும், இறந்தார் என்றால் அதைவிட மோசமான முடிவாகவும் மதிப்பிட்டார்கள்.

தொட்டிக்குள் போன தடவையின் அனுபவம் உதவாது. கழிவு அழுகும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, கிளறினால் குபுக்கென்று கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சரிந்துவிடுவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

சம்மதம்? பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அவராகத்தானே இறங்கினார்’ என்பது நம் வசதிக்கு நாம் தேடிக்கொள்ளும் சமாதானம்.

அடைப்பு இல்லாத நாளிலேயே கூட்டம் போட்டு, ‘எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கக்கூடாது’ என்று தீர்மானம் எழுதுங்கள். கழிவுநீர் பொங்கும்போது கூட்டம் போட்டால் மலிவானதும் சீக்கிரமானதும்தான் ஜெயிக்கும். செலவை ‘இரண்டு மடங்கு’ என்று சொல்லாதீர்கள். வித்தியாசம் 2,400 ரூபாய், வீடுகள் 24 என்றால் ‘வீட்டுக்கு 100 ரூபாய்’ என்று சொல்லுங்கள். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை உரிமம் உள்ள லாரியை வைத்து உறிஞ்ச, மெயின்டனன்ஸ் பணத்தில் தனியாக ஒதுக்குங்கள். இத்தனை வருடம் இறங்கியவருக்கு வேறு வேலை கொடுப்பதும் சங்கத்தின் பொறுப்புதான்.

மனச்சாய்வைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாதா?
– வாசகர், ராயபுரம்

போதாது. படித்ததும் அடுத்தவர் சாய்வுதான் பளிச்சென்று தெரியும்.

ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முகவரி வியாசர்பாடி, புளியந்தோப்பு என்றால் கை தயங்குகிறது. இத்தனைக்கும் நான் தண்டையார்பேட்டைக்காரி!
– வாசகி

வடசென்னை என்றாலே ரவுடி என்ற சினிமாப் படம் வடசென்னைக்காரர்கள் மனதிலும் ஓடத்தான் செய்யும். பொருளாதார அறிஞர்களான, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் சிகாகோ, பாஸ்டன் நிறுவனங்களுக்குப் பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் பெயரைவிட வெள்ளையர் பெயருக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதல் அழைப்பு (2004இல் வெளியான ஆய்வு).

பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை இன்னொருவர் மறைத்துத் தரட்டும். நேர்காணல் கேள்விகளையும் மதிப்பெண்ணையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். பதில் வந்தவுடன் மதிப்பெண் போடுங்கள். எல்லோரும் முடியும் வரை கூட்டிப் பார்க்காதீர்கள்.