அந்த ‘தான்’

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ‘த்ராஷ்’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னதற்கு, ‘மை ஃபாதர் த்ராஷஸ் மீ ஆன் சண்டேஸ்’ என்று எழுதியிருக்கிறான். டீச்சரும் டிக் போட்டுவிட்டார். ‘நான் செய்வது கண்டிப்பு, வாக்கியமே தப்பு’ என்கிறார் கணவர். வாரா வாரமெல்லாம் இல்லை, நோட்டைத் திருத்தும்போது அவர் பெல்ட்டை எடுப்பது மாதத்தில் இரண்டு ஞாயிறுதான். அந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?
- பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்: ‘த்ராஷ்’ என்றால் அடித்து நொறுக்குவது. களத்து மேட்டிலிருந்து வந்த சொல். கதிரடிப்பதைக் குறிக்கும் ‘த்ரெஷ்’ஷும் இதுவும் ஒரே வேர். அதற்கும் முந்தைய ஜெர்மானிய மூலச் சொல்லுக்குக் காலால் மிதிப்பது என்று பொருள் சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் தலையடி, அதாவது கதிரைக் கையால் அடிப்பது, முடிந்ததும் மாடுகளைப் பிணைத்து மிதிக்க விடுவார்களே, அதுபோல. இங்கிலாந்துக் களங்களில் தோல்வாரால் இணைத்த இரட்டைக் கழி இருந்தது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றி அடிப்பார்கள். அப்புறம் தானியத்துக்கு ‘த்ரெஷ்’, முதுகுக்கு ‘த்ராஷ்’ என்று பாகம் பிரிந்துவிட்டது. லேசாக ஒரு தட்டு தட்டினால் இந்தச் சொல் வராது. அடித்துத் துவைத்தால்தான் வரும். உங்கள் கணவருக்கு அது தெரிந்திருப்பதால்தான் கோபம்.

சரி, சொல் ஆராய்ச்சி போதும். ‘இரண்டு ஞாயிறுதான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் ‘தான்’ எங்கிருந்து வந்தது? மாதம் இரண்டு என்றால் வருஷத்துக்கு 24. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி பிள்ளை வாங்கிய அடியைக் குறைத்துக் காட்டுகிறீர்கள். கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள். அடுப்படியிலா? கூடத்திலா?

பையன் இலக்கணத்தில் கெட்டிக்காரன். என்றோ ஒருநாள் நடந்ததாக இருந்தால் இறந்தகாலம் போட்டிருப்பான். வழக்கமாக நடப்பதற்கு உரிய காலத்தைப் போட்டு, ‘சண்டேஸ்’ என்று பன்மையும் சேர்த்திருக்கிறான். எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு, கிரிக்கெட். இவனுக்கு மட்டும் அப்பா நோட்டைத் திருத்தும் நாள்.

‘அடியாத மாடு படியாது’ என்பார் கணவர். பழமொழியே மாடு என்றுதான் சொல்கிறது. களத்தில்கூட நெல் உதிர்ந்துவிட்டால் அடியை நிறுத்திவிட்டுக் கதிர்க்கட்டை வைக்கோல் போருக்குத் தூக்கிவிடுவார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளைமேல் கை வைக்கக் கூடாது என்கிறது. ஊரார் கை ஓங்கக் கூடாத பிள்ளைமேல் பெற்றவர் ஓங்கலாமா? குடும்ப மானம், கணவர் மரியாதை எல்லாம் எனக்கும் பெரிசுதான். ஆனால் பிள்ளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் போய் நிற்பது அதற்கெல்லாம் முந்திய கடமை. அதைச் செய்யாமல் எனக்கு அகராதிக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை ராத்திரியே கணவரிடம் பேசுங்கள், பையன் தூங்கிய பிறகு. ஞாயிற்றுக்கிழமை நோட்டை நீங்கள் வாங்கிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் அவனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் கணவர் கேட்கவில்லை என்றால் மாமனாரோ உங்கள் அண்ணனோ, அவர் மதிக்கிற ஒருவரை உட்கார வையுங்கள். கை நிற்கவில்லையா, 1098-க்கு போன் போடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, காசு கிடையாது.

அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் டிக் போட்டாரா, இல்லை எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாரா என்று டீச்சரிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள்.