வீட்டைச் சுமக்கும் பதினைந்து வயது

கேள்வி: அக்கா மகளுக்கு 15 வயது. அக்காவும் மாமாவும் கண்டுகொள்வதே இல்லை. சமையல், தம்பி தங்கை எல்லாம் அவள் தலையில். சித்தியான நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், “எவ்வளவு பொறுப்பான பொண்ணு!” என்று பாராட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பட்டமே அவளைக் கட்டிப்போடும். முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவே கூசுவாள்.

எல்லா வேலையையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அவளுக்கு அந்த வீட்டில் இருக்கும் ஒரே மதிப்பு அதுதான். அது போனால் உங்களிடமே முரண்டு பிடிப்பாள். வாரத்தில் இரண்டு மாலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சாப்பாடு, வீட்டுப்பாடம், சின்னவர்களைத் தூங்கவைப்பது மூன்றும் உங்கள் பொறுப்பு. “இன்னைக்கு எது வேணும்னாலும் சித்தியைக் கேளுங்க” என்று அவள் எதிரிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் குழந்தைகள் பழக்கத்தில் அவளிடமே ஓடுவார்கள், அவளும் எழுந்து வந்துவிடுவாள். ஒருமுறைகூடத் தவறாதீர்கள். பெரியவர்கள் சொல்லிவிட்டு வராமல் போவது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அடிக்கடி தலைவலி, காலை வகுப்பில் தூக்கம், தனக்கென்று எதையும் கேட்காமலிருப்பது, இவற்றைக் கவனியுங்கள்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் உணவில்லை, அடி விழுகிறது, இரவில் பெரியவர்கள் இல்லை, சாகத் தோன்றுகிறது என்று தெரிந்தால் அன்றே பள்ளி ஆலோசகரிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலோ சொல்லுங்கள். அதை அவளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.