வாளித் தண்ணீர் போதும்

*பட்டறை பதில்கள்: சேலம் அம்மாபேட்டையில் கார் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.*

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. காருக்குப் பதினோரு வயது, பெட்ரோல் வண்டி. பானெட்டைத் திறந்தால் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, சருகு. வாட்டர் வாஷுக்காகச் சேலம் வரை இறங்கி ஏறச் சோம்பலாக இருக்கிறது. வீட்டிலேயே ஹோஸ் பிடித்துக் கழுவிவிடலாமா?
*ஒரு வாசகி, ஏற்காடு*

பதில்: ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுங்கள் அம்மா. ஒரு வாளித் தண்ணீர், நாலைந்து பழைய பனியன் துணி, ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு பழைய பல் பிரஷ், கைக்கு ரப்பர் உறை. இவ்வளவு போதும்.

முதலில் சருகு. உங்கள் ஊரில் எனக்குப் பிசுக்கைவிடச் சருகுதான் பயம். மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்துவீர்கள். அந்த இலையெல்லாம் வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஜாலிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் இரண்டு ஓரத்திலும் மழைத் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. அது அடைத்தால் தண்ணீர், உள்ளே காற்று தள்ளும் ப்ளோயர் வழியாக வண்டிக்குள் இறங்கும். “கூரை ஒழுகுகிறது” என்று மலையிலிருந்து என்னிடம் வரும் வண்டிகளில் முக்கால்வாசிக்குக் கூரையில் ஒன்றும் இருக்காது, இலைதான். கையால் அள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு ஓரத்திலும் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் சொட்டிப் போனால் சரி, தேங்கி நின்றால் இன்னும் தோண்ட வேண்டும். சைலன்ஸர் பக்கம், எஞ்சின் இடுக்கில் இருக்கும் சருகையும் விடாதீர்கள், சூட்டில் பற்றிக்கொள்ளும்.

அள்ளும்போது பஞ்சும் நூலும் சேர்ந்த உருண்டை கிடைத்தால் அது எலிக் கூடு. வெறும் கை வேண்டாம். மூக்கைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். பக்கத்து வயர்களில் பல் பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பிசுக்கு. துடைக்கும் முன் போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். பதினோரு வயது வண்டியில் எண்ணெய் சும்மா வராது. எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிகிறதா, ஆயில் ஃபில்டர் பக்கமா என்பது அந்தப் பிசுக்கின் தடத்தில்தான் தெரியும். பளபளவென்று துடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து “எண்ணெய் குறைகிறது” என்றால், நான் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் திருப்பி அனுப்புவேன். என்னைக் கேட்டால் எஞ்சினைச் சுத்தம் செய்வதே அழகுக்காக இல்லை. அடுத்த கசிவு கண்ணில் படத்தான்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி ஏறி வந்து நின்ற வண்டியின் சூடு சீக்கிரம் போகாது. சைலன்ஸர் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், கை பட்டால் தோல் போகும். காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். சில வண்டிகளில் நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், விரலை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

பேட்டரியில் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானர். ஏன் மைனஸ் முதலில் என்று பையன்கள் கேட்பார்கள். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் பாடியில் இடித்தால், மைனஸ் மாட்டியிருந்த பாவத்துக்குப் பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசியில். கடிகாரம் தப்பாகக் காட்டும், திருத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில், காற்று உள்ளே போகும் வாய், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி, எல்லாவற்றுக்கும் பாலித்தீன் பை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். இவ்வளவு பயப்படக் காரணம் என் சொந்தக் கதை. பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு மாருதி 800-ஐ நானே பிரஷர் பம்பு வைத்து அடித்தேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் தண்ணீர். சாயங்காலம் கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, நான் மூடியைக் கழற்றி ஹேர் டிரையர் வைத்துக் காய வைத்தேன். அதுவும் என் தங்கையிடம் இரவல் வாங்கியது. இப்போதைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஆனால் பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் நின்றால் எஞ்சின் விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கும், கனெக்டருக்குள் போனால் எந்த விளக்கு எப்போது எரியும் என்று சொல்ல முடியாது.

பிசுக்கைக் கரைக்கக் கடையில் விற்கும் டிகிரீஸரை நேராக எஞ்சின் மேல் அடிக்காமல் பிரஷில் தொட்டுப் பிசுக்கில் தேயுங்கள். காயவிடாதீர்கள், அலுமினியத்தில் கறை விழும். ஒரு கை அகலம் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அப்புறம் அடுத்த இடம். பெல்ட்டில் படக் கூடாது. பானெட்டின் உள்பக்கப் பஞ்சுத் தகட்டை நனைக்கவே வேண்டாம். முடிந்ததும் பைகளை அவிழ்த்து, பானெட்டைத் திறந்தே வைத்து வெயிலில் இரண்டு மணி நேரம். ஏற்காட்டில் வெயில் வராத நாளாக இருந்தால் மறுநாள் வரை. எண்ணெய்த் துணியையும் வாளித் தண்ணீரையும் காபிச் செடிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரை மரத்தூளில் ஊறவைத்து, மூட்டையாகக் கட்டித் துணியோடு சேர்த்துப் பட்டறையில் கொடுத்தால் கழிவு ஆயிலோடு போய்விடும்.

கேள்வி: மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் பிசுக்கு உடனே போகிறதே, அதில் என்ன தப்பு?
*ஒரு வாசகர், சீலநாயக்கன்பட்டி*

பதில்: போகும் தம்பி. நெருப்பையும் கூப்பிடும். ரப்பர் குழாய் ஊதிப் போகும், மிச்சம் நிற்கும் எண்ணெயில் புழுதி இரண்டு மடங்கு ஒட்டும். பெட்ரோல் என்றால் பேச்சே வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் வெள்ளைக்கல் புழுதி. எஞ்சின் மேல் மாவு தூவியது போல் படிந்துவிடுகிறது. கழுவினால் திட்டுத் திட்டாக நிற்கிறது.
*ஒரு வாசகர், கருப்பூர்*

பதில்: வெள்ளைக்காரன் உங்கள் பக்கத்து வெள்ளைக்கல் கரட்டுக்குச் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்தான். உள்ளே இருப்பது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட் என்ற தாது. அது கிடக்கட்டும். எந்தப் புழுதியானாலும் தண்ணீர் பட்டால் சேறுதான். காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, பிறகு ஈரத் துணி. திட்டு விழுவதற்குப் புழுதியோடு உங்கள் போர் தண்ணீரின் உப்பும் காரணம். கடைசித் துடைப்புக்கு மட்டும் குடிக்க வரும் மேட்டூர் தண்ணீர் ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் திட்டினால் நான் பொறுப்பில்லை. ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். உங்கள் ஊர் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. சுரண்டலாமா?
*ஒரு வாசகி, அஸ்தம்பட்டி*

பதில்: சுரண்டாதீர்கள், கண்ணில் தெறித்தால் வம்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு, மைனஸ், பிளஸ் என்ற வரிசையில் கழற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும். பேட்டரி மூடிக்குள் சொட்டுக்கூடப் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். ஒரு மாதத்தில் திரும்பப் பூத்தால் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.